கடைக்காரர் நீட்டும் புத்தகம்

ஒரு நாவலைப் படிக்கச் சொல்வது, முன்பின் தெரியாத ஒருவரிடம் அவருடைய பத்து மணி நேரத்தைக் கேட்பது. அப்படிக் கேட்கும் உரிமை புத்தகக் கடை ஊழியருக்கு உண்டு என்றே நினைக்கிறேன். அவர் நிறையப் படித்தவர் என்பது மட்டும் அதற்குப் போதாது. அவர் வாயிலிருந்து வரும் பரிந்துரைக்கு வேறு யாரும் காசு கொடுத்திருக்கக் கூடாது. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகளில் முகப்பு மேசையில் எதை அடுக்குவது என்பதைப் பல ஆண்டுகள் பதிப்பகங்களின் பணமே தீர்மானித்தது. 2011-இல் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் டான்ட் அந்த வருமானமே வேண்டாம் என்று நிறுத்தி, தேர்வை அந்தந்த ஊர்க் கடைக்காரர்களிடம் விட்டார். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பிப் போகும் பிரதிகள் வெகுவாகக் குறைந்தன. நட்டத்தில் தள்ளாடிய நிறுவனமும் சில ஆண்டுகளில் லாபத்துக்குத் திரும்பியது. 2013-இல் அந்தக் கடைகள் ஆண்டின் சிறந்த புத்தகமாக அறிவித்தது, 1965-இல் வெளிவந்து சீக்கிரமே மறக்கப்பட்ட ‘ஸ்டோனர்’. மிசூரிப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் ஆரவாரமற்ற வாழ்க்கை அது. எழுதிய ஜான் வில்லியம்ஸ் 1994-லேயே காலமாகிவிட்டார். கடைக்காரர்கள் மட்டுமே அதை மீட்டதாகச் சொல்ல முடியாது. அன்னா கவால்டாவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனாலும் புதுவரவுகள் குவியும் பண்டிகைக் காலத்தில் 48 வருடப் பழைய நாவலை முன்னால் வைக்க, அதை நேசித்தவர்களால்தான் முடியும்.

ஊழியருக்கும் விற்றாக வேண்டுமே, அவர் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானில் 2004 முதல் புத்தகக் கடை ஊழியர்கள் வாக்களித்து வழங்கும் ‘ஹோன்யா தைஷோ’ விருது, தாங்கள் மிகவும் விற்க விரும்பும் புத்தகத்துக்கே அது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இறுதிச் சுற்றுக்கு வரும் பத்தையும் படித்தவர்தான் வாக்களிக்கலாம். முதல் விருது, 80 நிமிடமே நினைவு நிற்கும் கணிதப் பேராசிரியரைப் பற்றிய யோகோ ஒகாவாவின் நாவலுக்குப் போனது. ஏற்கெனவே நன்றாக விற்பவையே வெல்கின்றன என்ற குறை பின்னாளில் எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. வாக்குகளைக் கூட்டினால் ருசிகள் நடுவில் வந்து குவிந்துவிடும். அதனால் விருதைவிட, அலமாரி விளிம்பில் ஓர் ஊழியர் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டும் சிறு அட்டையையே நான் அதிகம் நம்புகிறேன். முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுத ஒருவருக்குத் துணிவு வேண்டும். ஏமாந்த வாசகர் அடுத்த மாதம் அதே கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். இணையக் கடையின் கணிப்பு, நாம் வாங்கியதை வைத்து அதைப் போன்ற இன்னொன்றைக் காட்டும். நாம் கையில் எடுத்ததைப் பார்த்து, ‘இது உங்களுக்குச் சரிப்படாது, வேண்டாம்’ என்று விற்பனையை இழக்கத் துணிவதில்லை. நல்ல கடைக்காரர் அதைச் சொல்வார்.