மனம் சோர்ந்த வேளையில் எந்தப் பாட்டு?

கேள்வி: கணவர் காலமான பிறகு கரமனை அக்ரஹாரத்தில் தனியாக இருக்கிறேன். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் மனசு கனத்துப் போகிறது. அப்போது நீலகண்ட சிவனின் முகாரிப் பாட்டைக் கேட்டால்தான் கொஞ்சம் ஆறுகிறது. "வீட்டில் முகாரி கேட்டால் துக்கம் போகவே போகாது, நல்ல பாட்டாகப் போடுங்கள் மன்னி" என்று நாத்தனார் கோபிக்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருவனந்தபுரம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. நாத்தனார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் துக்கத்தில் இருப்பவர் துக்கப் பாட்டைத் தொடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதில்லை. அவர்களே வாய்விட்டுப் பாடித்தான் இருக்கிறார்கள்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 100 பதிகங்கள். அவற்றில் 27 பெண் குரலில் வருகின்றன; தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று பாடுகிறார். பெரும்பாலும் பிரிவாற்றாமைதான். பாகவதத்தில் கண்ணன் மறைந்துபோனதும் கோபியர் யமுனைக் கரையில் கூடி உட்கார்ந்து அவனை நினைத்துப் பாடினார்கள். பத்தாம் ஸ்கந்தத்தின் 31-ஆம் அத்தியாயம் முழுக்க அந்தப் பாட்டுதான். அடுத்த அத்தியாயத்தில் கண்ணன் வந்து நிற்கிறான்.

நீலகண்ட சிவன் (1839-1900) உங்கள் பக்கத்து மனிதர். வடிவீஸ்வரத்தில் பிறந்து, பத்மநாபபுரத்து நீலகண்ட சுவாமியையே கதி என்று இருந்தவர். அவருடைய பஜனையில் போய் உட்கார்ந்த சிறுவர்களில் ராமையா என்று ஒரு பிள்ளை உண்டு. தகப்பனாரை ஏழு வயதில் பறிகொடுத்து, தாயார் யோகாம்பாளோடு தஞ்சைச் சீமையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவன். 1910-இல் அந்தத் தாயும் போய்விட்டார். அதற்குப் பிறகு கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டே அலைந்து ஆளானவர்தான் பாபநாசம் சிவன்.

உங்கள் முகாரிப் பாட்டை அடுத்த முறை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் புலம்பல் இருக்கிறது. ஆனால் எதிரே ஒருவன் இருக்கிறான். அவனைப் பார்த்து, உன் அருள் என்றைக்கு என்று கேட்கிறார் பாடுகிறவர். எதிரே ஆள் இருந்துவிட்டால் அழுகை முறையீடு ஆகிவிடுகிறது. அதனால்தான் கேட்டு முடித்ததும் உங்களுக்குப் பாரம் குறைகிறது.

ஆனால் முகாரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1940-களில் ஐரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இசையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியபோது ஒரு முறையைக் கையாண்டார். நோயாளி எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்குவது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இசையை மாற்றிக்கொண்டு போவது. எடுத்த எடுப்பில் குதூகலமான பாட்டைப் போட்டால் மனசு ஒட்டாது. நீங்களும் முகாரியில் தொடங்கி, அடுத்து ஒரு தாலாட்டுக்கு வாருங்கள்.

உங்கள் ஊரிலேயே அதற்கு வழி இருக்கிறது. 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளைத் தொட்டிலில் இட்டபோது இரயிம்மன் தம்பி இயற்றிய 'ஓமனத்திங்கள்' தாலாட்டு. இதைக் குறிஞ்சியிலும் நவரோஜிலும் பாடுவார்கள். இந்த இரண்டு ராகங்களும் மேல் ஷட்ஜத்தை எட்டுவதே இல்லை. குரலை உயர்த்தாமல், கீழேயே புழங்கி, அம்மா முனகுகிற அளவிலேயே நின்றுவிடும். திருவதிகையில் சூலை நோய் தாங்காமல் அப்பர் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண். ஓதுவார்கள் அதைப் பாடுவதும் நவரோஜில்தான். வலியில் துடித்தவருக்கும் தொட்டில் குழந்தைக்கும் ஒரே சாயல் இசை பொருந்தியிருக்கிறது பாருங்கள். முடிவில் ஒரு நாமாவளி. அதை மட்டும் ரெகார்டில் கேட்காமல் நீங்களே பாடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறது. மனச்சோர்வுக்கு என்று தனி ராகம் உண்டா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தப் பட்டியலை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரே கல்யாணியை ஒருவர் விளம்பமாகப் பாடினால் கண் கலங்குகிறது. இன்னொருவர் துரிதத்தில் பாடினால் தொடை தாளம் போடுகிறது. ராகத்தோடு காலப்பிரமாணம், சாகித்தியம், பாடுகிறவர் குரல், அந்தப் பாட்டை முதலில் யாரோடு உட்கார்ந்து கேட்டீர்கள் என்ற நினைவு எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் தம்பியப்பனுக்கு வயிற்றுவலி. குரு கிரகத்தின் மீது அடாணாவில் கிருதி செய்து கொடுத்து தீட்சிதர் குணப்படுத்தினார் என்று மரபுச் செய்தி உண்டு. பட்டியல் போடுகிறவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். கதையைச் சரியாகப் படியுங்கள்: தம்பியப்பன் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கவில்லை. குருவிடம் பாடம் பண்ணி, தினமும் தானே பாடினார். அப்பரும் அப்படியே. நம் மரபில் பாட்டு கேட்பவனைக் குணப்படுத்தியதாக வருகிற கதைகளைவிட, பாடியவனைக் குணப்படுத்தியதாக வருகிற கதைகள்தான் அதிகம் நினைவில் நிற்கின்றன.

கேள்வி: மனசு சரியில்லை என்றால் எனக்குப் பழைய சினிமாப் பாட்டுதான் ஆறுதல். பக்திப் பாட்டு ஒட்டவில்லை. இது தவறா?
- கல்லூரி மாணவர், தம்பானூர்

பதில்: தவறில்லை தம்பி. மேலே சொன்ன பாபநாசம் சிவனே 'அசோக் குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) என்று படங்களுக்குப் பாட்டு எழுதியவர்தான். சினிமாவா, சபாவா என்று பார்க்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வெளியே போகத் தோன்றுகிறதா, இல்லை அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு கிடக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்தப் பாட்டுக்குக் கொஞ்ச நாள் விடுப்புக் கொடுங்கள். பக்தி தானாக வரும்போது வரட்டும்.

கேள்வி: எந்தக் கச்சேரிக்குப் போனாலும் மனம் அலைகிறது. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்தால் மட்டும் அடங்குகிறது. ஏன்?
- ஒரு ரசிகை, கோட்டைக்ககம்

பதில்: அது கச்சேரி மேடை இல்லை, பூஜை. கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளி, அந்தச் சன்னிதியில் பாட்டு நிவேதனம் ஆகிறது. யாரும் கைதட்டுவதில்லை. பாடுகிறவரும் பாராட்டை எதிர்பார்க்கவில்லை, கேட்கிறவரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது நாளைக்கும் சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகள் முன்கூட்டியே முடிவானவை: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. இன்றைக்கு என்ன கேட்கலாம் என்ற யோசனையே உங்களுக்கு இல்லை. சோர்ந்த மனசுக்குத் தேர்ந்தெடுப்பதே ஒரு சுமை. போனை எடுத்து ஒவ்வொரு பாட்டாகத் தள்ளித் தள்ளி, அரை மணி நேரம் போய், ஒன்றும் கேட்காமல் மூடி வைப்போம். மழையும் பஞ்சமுமான கர்க்கடக மாதத்துக்குக் கேரள வீடுகள் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை ஒதுக்கி வைத்ததும் இதே விவேகம்தான். மனசு தெளிவாக இருக்கிற ஒரு நாளில், கிழமைக்கு ஒரு பாட்டு என்று நீங்களும் எழுதி வைத்துவிடுங்கள். சோர்ந்த நாளில் அதன்படி நடந்தால் போதும்.

மரபு என்றால் மாறாதது என்றும் எண்ண வேண்டாம். பெண்கள் பாடாதிருந்த அந்த மண்டபத்தில் 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. மனசுக்கு வயதாகிவிட்டது, இனிப் பாட்டு எதற்கு என்று சொல்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தீட்டு நாட்களில் வீட்டில் பாட்டுக் கேட்கலாமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கேளிக்கை கூடாது என்பதுதான் வழக்கம், இறைவன் நாமத்துக்குத் தடை இல்லை. சைவர்கள் துக்க வீட்டிலேயே திருவாசகம் ஓதுகிறார்கள். மலையாள வீடுகளில் ராமாயணம் வாசிக்கிறார்கள். மெதுவாக வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக எல்லா வாசகர்களுக்கும் ஒன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் அனந்தபுரத்தைப் பாடும்போது, தான் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கவில்லை. நம்மவர்களே என்று கூப்பிட்டு, எல்லோரையும் சேர்த்துத்தான் அழைக்கிறார். கரமனை அம்மா, உங்கள் முகாரியை நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பஜனைக்குப் போய்க் கூட்டத்தோடு பாடுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினாலோ, பாட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். டெலி மானஸ் எண் 14416. கேரளத்தில் திஷா எண் 1056. கூப்பிட வெட்கப்பட வேண்டாம். நீலகண்ட சிவனும் கூப்பிட்டுத்தான் பாடினார்.