பருவம் பிறழ்ந்த மலையில் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டுவன



திரிசரணம் பணிந்து இவ்வுரையைத் தொடங்குகின்றேன்.

ஏலமலையின் நடுவேயுள்ள வண்டன்மேட்டில், தோட்டங்களில் உழைத்து உண்ணும் நம் குடும்பங்களின் பிள்ளைகளை முன்னிட்டே இதனைச் சொல்ல விழைகின்றேன். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இதே இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த தொழிலாளர் வழியினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால், வெளியுலகம் அச்செய்தியை மறுநாட் காலையிலேதான் அறிந்தது.

இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம், "எல்லாம் அவர்கள் முற்பிறப்பிற் செய்த வினை" என்று சொல்வார் நம்மைச் சுற்றிலும் உளர். அச்சொல்லைக் கேட்ட ஒரு சிறு பெண், "அம்மா, அவர்கள் பாவிகளா? நம் லயமும் அப்படி விழுமா?" என்று வினவினால், தாய் என்ன விடை பகர்வாள்?

நண்பர்களே, "முற்பிறப்பு வினை" என்னும் அதே சொல்லைக் கொண்டுதானே நம் முன்னோரை ஊருக்குப் புறம்பே நிறுத்தினார்கள்! பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மம் தழுவியதும் அச்சொல்லின் கட்டை அறுத்தற்கன்றோ? வாயில் வழியே துரத்திய பொய்யைச் சன்னல் வழியே உள்ளே விடலாமோ?

பகவான் புத்தரை ஒருகால் சீவகர் என்னும் பரிவிராசகர் அணுகி, மனிதர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையாலேயே வருவன என்போர் கூற்றுச் சரியோ என்று கேட்டார். பகவான் அதனை மறுத்தார். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, சிலேத்துமத்தால் வருவது உண்டு, வாயுவால் வருவது உண்டு என எண்ணிக்கொண்டு வந்து, பருவ மாறுதலால் வரும் துன்பத்தையும் தனியே வைத்து எண்ணினார். வினைப்பயன் என்பது எட்டுக் காரணங்களுள் ஒன்றே. ஆகவே, பருவம் பிறழ்ந்து வரும் கேட்டினை மாண்டவர் தலைமேல் பழியாக ஏற்றுதல் புத்தநெறி அன்று. இதுவே பிள்ளைக்குச் சொல்லவேண்டிய முதல் விடை.

அடுத்து, உண்மைக் காரணத்தைச் சொல்லவேண்டும். அதற்கு நான்கு வாய்மைகளின் முறையே போதும்.

முதலாவது, துக்கத்தைக் காணுதல். பிள்ளைகள் தாம் கண்டதைத் தாமே சொல்லட்டும். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டுக் கோடையிலோ மழையின்றி ஏலச்செடிகள் கருகின. தோட்டங்களில் பச்சை வலை கட்டி நிழல் தேடினார்கள். ஏலம் மரநிழலையும் ஈரத்தையும் நாடும் செடி. வெயில் மிகுந்தால் வாடும். மழை விடாது பெய்தால் அழுகல் நோய் பற்றும். செடி வாடினால் காயெடுக்கும் தாயின் கூலியும் வாடும். ஆயினும் ஒரு நாள் மழையைக் கண்டு, "காலநிலை மாறிற்று" என்று கூறிவிடலாகாது. ஒரு நாளைய நிலை வானிலை. முப்பது ஆண்டுகளின் சராசரி காலநிலை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் தெளிவாக உணர்தல் வேண்டும்.

இரண்டாவது, துக்கத்தின் காரணம். காற்றில் கலந்துள்ள சில வாயுக்கள் பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் காக்கின்றன. அவை இல்லையேல் பூமி இன்னும் 33 பாகை குளிர்ந்து கிடக்கும். போர்வை நல்லதே, அது தடிப்பதே தீது. இயந்திரத் தொழில் பெருகுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததும், காடு அழித்ததும் காரணங்கள். 2024ஆம் ஆண்டில் உலக வெப்பம் பழைய நிலையினும் ஏறத்தாழ 1.55 பாகை மிகுந்திருந்தது. ஒரு பாகை ஏறினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும்; தாங்கியதை ஒருங்கே கொட்டவும் செய்யும். எனினும் மலை சரிவதற்கு மழை ஒன்றே காரணமன்று. சரிவை வெட்டியதும், நீரோடும் வழியை அடைத்ததும், அபாயத்தின் கீழே வீடு அமைத்ததும் சேர்ந்தே கேடாகின்றன. இது இருத்தலால் அது தோன்றும் என்னும் சார்பின் தோற்றத்தைப் பிள்ளைகள் மலைச்சரிவிலேயே கண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, துக்க நிவாரணம். இதனைச் சொல்லாது விடுவோமாயின் பிள்ளை அச்சத்தோடு மட்டுமே வீடு திரும்பும். காரணம் உள்ளது எதுவோ அது காரணம் நீங்க நீங்கும். அவ்வாயுக்களை வெளியிடுதல் நிற்குமாயின் வெப்பம் மேன்மேலும் ஏறுவதும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பது அறிஞர் கண்ட முடிவு.

நான்காவது, மார்க்கம். 2015இல் பாரிசு நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. அதனை நிறைவேற்றுவது அரசுகளின் கடமை. நம் மலையில் செய்யத்தக்கன நிழல்மரம் காத்தல், ஓடை அடையாது பேணுதல், அபாயச் சரிவில் உள்ள குடியிருப்புகளுக்கு மாற்றிடம் கேட்டல்.

இவற்றை எவ்விதம் கற்பிப்பது? பகவான் தம் மைந்தர் இராகுலருக்குப் போதித்த விதத்தை நோக்குங்கள். அப்போது இராகுலருக்கு ஏழு வயது என்பர் உரைகாரர். பகவான் கால் கழுவிய பாத்திரத்தையே எடுத்தார். அதில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார், கொட்டினார், கவிழ்த்தார், அதனாலேயே வாய்மையின் அருமையை விளக்கினார். கண்முன் இருந்த பாத்திரமே பாடநூலாயிற்று.

நாமும் அங்ஙனமே செய்வோம். அடி முதல் முடி வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். அப்படியாயின் 100 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் லிட்டர்! அவ்வளவு நீரும் எவ்வழியே இறங்கும் என்று பிள்ளைகள் சரிவைச் சுற்றிப் பார்க்கட்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று இவற்றைக் கண்டால் பெரியோரிடம் ஓடிவந்து சொல்லவும், சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் உறக்கத்தைப் பாராது பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் பழக்குங்கள். யார் சொன்னாலும் ஆராய்ந்தே கொள்க என்று காலாமருக்கு அருளிய ஆசான் வழியில், தாமே அளந்து அறியும் பிள்ளை எவர் பொய்க்கும் ஆட்படாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். குற்றவுணர்வை ஏழைப் பிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். இந்தியர் ஒருவர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியிற் பாதிக்கும் குறைவு. அமெரிக்கர் ஒருவருடையதோ இந்தியருடையதினும் ஆறேழு மடங்கு. அதிலும் லயத்தில் வாழ்வோர் பங்கு எத்துணைச் சிறிது! அரசர் அதருமராயின் அமைச்சரும் குடிகளும் அவ்வழியே செல்வர். காற்றும் மழையும் முறை தவறும். பயிர் ஒவ்வாது விளையும். அதனை உண்போர் நலிவர் என்று பகவான் உரைத்தருளினார். பொறுப்பு மேலிருந்து தொடங்குகின்றது என்பது அதன் பொருள். ஆகவே நம் பிள்ளைகள் சிக்கனத்தோடு கேள்வி கேட்கவும் கற்கவேண்டும்.

மழைக்காலத்தில் இளம்பயிரும் சிற்றுயிரும் மிதிபடலாகாதென்று பிக்குகளை ஓரிடத்தில் தங்கச் செய்த கருணை நம்முடையது. அக்கருணை நம் லயங்களுக்கும் உரியது. அடுத்த மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு தம்ம வகுப்பிலும் ஒரு மழைமானி வையுங்கள். அச்சிறு பெண் மீண்டும் வினவும்போது தாய் சொல்லட்டும்: "அவர்கள் பாவிகள் அல்லர், மகளே. காரணம் உண்டு, காரணத்தை அறிவோம், அறிந்து காத்துக்கொள்வோம்."

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!

சாது! சாது! சாது!