ஆசிரியன் பட்ட கடன்

மாணாக்கன் ஆசிரியனுக்குக் கடன்பட்டவன் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆசிரியன் மாணாக்கனுக்குக் கடன்பட்டவனோ என்று வினவுவாரோ மிகச் சிலர். வேதனம் அரசினர் அளிக்கின்றனர். பாடத்திட்டமும் அவர்களே வகுத்துத் தருகின்றனர். ஆசிரியர் கலாசாலையிற் பெற்ற சான்றிதழ் பெட்டியில் இருக்கின்றது. இவற்றின் மேலும் ஓர் ஆசிரியன் தான் கற்பிக்கும் முறையை ஆண்டுதோறும் ஆராய்ந்து திருத்திக்கொள்ளுதல் அவன் விருப்பத்தின்பாற்பட்டதோ, அன்றி அவன் தீர்த்தேயாகவேண்டிய கடனோ? இவ்வினாவைப் புத்தளக் கரையோரத்துப் பள்ளிக்கூடங்களை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர் கல்வி நிரம்புதற்கு ஒரு கணக்குக் கூறியிருக்கின்றார். ஆசிரியன் சொல்லியதை நன்றாகக் கேட்டுக்கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவான். உடன் கற்பாரோடு பயிலுதலால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைத்தலினாலேயே நிரம்பும் என்பது அக்கணக்கின் கருத்து. நாவலர் பெருமான் காண்டிகையுரை செய்த இந்நூலை நம் ஆசிரியர் பலர் பயின்றிருக்கின்றனர். எனினும், அக்கணக்கு நம்மேல் ஏற்றும் பொறுப்பை நினைந்து பார்த்தவர் எத்துணையர்?

கலாசாலையினின்று வெளிப்படும் ஆசிரியன் அரைப் புலமையோடு வகுப்பினுட் புகுகின்றான். மற்றை அரையை அவனுக்குத் தருவோர் யாவர்? அவன் முன்னே பாயிலும் வாங்கிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. அவர்கள் கேட்கும் கேள்வியும், தவறாகச் சொல்லும் விடையும், விளங்காது விழிக்கும் விழிப்புமே அவன் மேற்கொண்டு கற்கவேண்டிய பாடங்கள். பாதிப் புலமையைப் பிள்ளைகளிடமிருந்து பெற்றுக்கொண்டவன், அதனை அவர்களுக்குத் திருப்பிக் கொடாதிருத்தல் எவ்வாறு நீதியாகும்?

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். முந்தற் களப்புக்கும் கடலுக்கும் இடையே உள்ள உடப்பு, கரைவலைத் தொழிலாலும் திரௌபதையம்மன் கோயிற் றீமிதிப்பாலும் பெயர்பெற்ற தமிழ்ச் சைவ ஊர். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே மேற்குக் கடல் கொந்தளிப்பதனால், இக்கரையின் மீன்பிடிப்போர் திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெற்றோருடன் சென்று மீளும் ஒரு பிள்ளை, பின்னக்கணக்கு நடந்த தவணை முழுவதையும் இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரையையும் காலையும் கூட்டத் தெரியாமல் அது கரும்பலகையின் முன் நிற்கின்றது. அதனை மந்தபுத்தி என்று எண்ணிவிடுதல் ஆசிரியனுக்கு எளிது.

ஆனால் அப்பிள்ளை, வலை கரையேறிய பின்னர் வலையுடையாருக்கும் கயிறிழுத்தாருக்கும் மீன் பங்கிடப்படுவதைப் பலமுறை கண்டிருக்கின்றது. தன் தந்தையின் பங்கு குறைந்ததா நிறைந்ததா என்பதை நொடியில் அறியும். மணலிலே தெரிந்த கணக்கு பலகையிலே தெரியாமற் போனதற்குக் காரணம், இரண்டினையும் இணைக்கும் பாலம் இல்லாமையே. அப்பாலத்தைப் பிள்ளை தானே கட்டிக்கொள்ளுமா? பங்கிடும் முறையை ஆசிரியன் முதலிற் பிள்ளையிடம் கேட்டறிந்து, பின்னர் அதனையே பலகையில் எழுதிக் காட்டல் வேண்டும். இங்ஙனமே, புத்தளத்து உப்பளங்களிற் கடல்நீர் பாத்தியில் வற்றி உப்பு விளைவதை அன்றாடம் காணும் பிள்ளைக்கு, நீர் ஆவியாதலை வேறெங்கோ உள்ள உதாரணத்தால் விளக்க முயலுவது கைப்பொருளைக் கீழே வைத்துவிட்டுக் கடன் கேட்பது போலாகும்.

நன்னூலார் ஆசிரியராகத் தகாதாருக்குக் கூறிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. தென்னை மலிந்த சிலாபப் பகுதியில் உள்ளார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீர் வார்த்தவன் ஒருவன். வளைந்த மரம் காயை உதிர்ப்பது அயலான் வளவில். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தக்கூடிய நால்வர் ஐவரையே நோக்கிப் பாடம் நடத்தி, பின்வரிசைப் பிள்ளைகளை வெறிதே இருத்திவைக்கும் ஆசிரியன் இவ்வுவமைக்கு இலக்காகின்றான். பின்வரிசைப் பிள்ளையின் பெற்றோரும் நீர் வார்த்தவரே அல்லரோ?

இஃது ஒரு வகுப்பின் நன்மை தீமையோடு முடிந்துவிடும் செய்தியன்று. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையிலே, முற்காலத்தில் வீட்டிலும் கடலிலும் தமிழ் பேசிய குடும்பங்கள் பலவற்றில், பள்ளிக்கூடத்தின் மொழி சிங்களமாக மாறிய பின்னர் சில தலைமுறைகளுள் வீட்டு மொழியும் மாறியது. இதனை எவரையும் குறைகூறும் பொருட்டு எடுத்துரைத்தோமல்லேம். பிறமொழி கற்றல் நன்றேயாம். ஓர் ஊரின் நாவையே மாற்றவல்ல பேராற்றல் வகுப்பறைக்கு உண்டு என்பதைக் காட்டுதற்கே கூறினோம். அத்துணை ஆற்றலுடைய இடத்தில் நிற்கின்றவன், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லிக் காலங்கழித்தல் ஆகுமா?

“பிள்ளையிடத்தில் யாம் கற்பதா?” என்று சிலருக்கு மனங் கூசலாம். அவர்கள் நமது சந்தான பரம்பரை வரலாற்றை நினைவுகூர்வாராக. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்று, மாணாக்கர் பலர் சூழ வாழ்ந்தவர் அருணந்தி சிவாசாரியர். வயதில் மிக இளைய மெய்கண்டாரிடம் அவர் சென்று ஆணவமலத்தின் இயல்பை வினவ, மெய்கண்டார் விடையாக அவர் நின்ற நிலையையே நோக்கினார் என்றும், அக்கணமே அவர் அவ்விளையவர் அடியில் வீழ்ந்து மாணாக்கரானார் என்றும் வழிவழியாகக் கூறுவர். சிவஞானசித்தியார் என்னும் பெருநூல் அங்ஙனம் பணிந்தவரிடமிருந்தே நமக்குக் கிடைத்தது. எல்லாம் கற்றுவிட்டோம் என்னும் எண்ணமே ஆசிரியத் தொழிலைப் பற்றும் ஆணவம். அது நீங்கிய பின்னரே அவரிடமிருந்து நூல் பிறந்தது.

இனித் தடைகள் சிலவற்றை நோக்குவோம். வேதனம் போதாது, வேலை மிகுதி, கருத்தரங்குகளுக்குச் சென்றால் கையொப்பமிட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவதே பயன் என்று ஆசிரியர் சிலர் கூறுவர். இதில் உண்மை உண்டு. ஆசிரியனுக்குப் போதிய ஊதியமும் ஓய்வும் நல்ல நூல்களும் தருதல் அரசுக்கும் சமூகத்துக்கும் உரிய கடன். அதனை வற்புறுத்திக் கேட்டல் முறையே. ஆனால், ஒருவர் நமக்குத் தரவேண்டிய கடனைத் தராமையினால், நாம் பிள்ளைக்குத் தரவேண்டிய கடன் தள்ளுபடியாகிவிடாது.

ஒதுக்குப்புறத்தில் இருக்கின்றோம் என்பது மற்றொரு தடை. கற்பிட்டியில் 1807-ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டியார், புத்தளத்திலே மணியகாரர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் ஆங்கில நூலை 1834-இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859-இலும் ஒரு நூல் தந்தார். அவர் இருந்ததும் இக்கரையே.

செய்யத்தக்கது யாது எனின், பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜப்பான் தேசத்து ஆசிரியர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு வழக்கத்தைக் கையாண்டு வருகின்றனர். சிலர் கூடி ஒரு பாடத்தை ஆயத்தஞ் செய்வர். ஒருவர் அதனை நடத்துவார். ஏனையோர் வகுப்பின் புறத்தே இருந்து, எப்பிள்ளை எவ்விடத்தில் தடுமாறியது என்று குறித்துக்கொள்வர். பின்னர் ஒருங்கிருந்து அப்பாடத்தைத் திருத்துவர். குற்றம் காண்பது பாடத்தில், ஆசிரியன் மீதன்று. நன்னூலார் கூறிய உடன்பயில்வோரின் காற்பங்கு இதுவேயன்றோ? உடப்பிலும் முந்தலிலும் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் உள்ள ஆசிரியர், தவணைக்கு ஒருமுறையேனும் இவ்வாறு கூடுதல் இயலாததன்று.

நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, சைவப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடநூல்கள் கையில் இருந்தில. அவரே எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் முறையிற் பாலபாடங்களை எழுதினார். தம்முன் இருந்த பிள்ளைகளை உற்றுநோக்கியவராலன்றி அவை எழுதப்பட்டிரா. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற சைவப் பள்ளிக்கூடங்களிற் பெரும்பாலன அரசினர் வசமாயின. அக்காலத்து முகாமையாளர் இன்று இலர். ஆதலால், ஒரு பள்ளிக்கூடம் சைவப்பள்ளி என்னும் பெயருக்குத் தகுதியுடையதாவது, பலகையில் எழுதிய பெயரினால் அன்றி, அங்கே கற்பிப்பவரின் ஒழுக்கத்தினாலேயாம்.

ஆசிரியப் பெருமக்களே! நாளைக் காலை வகுப்பினுட் புகும்போது, பின்வரிசையில் வாய்திறவாதிருக்கும் ஒரு பிள்ளையிடம், அது நன்கறிந்த ஒன்றை எமக்குக் கற்பி என்று கேட்பீர்களாக. அது சொல்வதைக் கேட்டு, அதிலிருந்தே அன்றைய பாடத்தைத் தொடங்குவீர்களாக. பட்ட கடனில் முதற் றவணை அன்றே செலுத்தப்பட்டதாகும்.