ஒரு கரண்டி குறைவாக

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது முறை வைத்து முன்பே தீர்ந்துவிடும். விடிந்ததும் கரையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. உடல் இளைக்க நினைப்பவருக்கும் இப்படியொரு ஏற்பாடுதான் வேண்டும். ‘இன்றைக்கு நடக்கலாமா?’ என்று தினமும் கேட்டால், பதில் பெரும்பாலும் ‘நாளைக்கு’தான்.

கழி ஊன்றிப் போன படகுகளில் பல இன்று இன்ஜினில் ஓடுகின்றன. உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. டயட் சார்ட்டை பிரிட்ஜில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டீயில் தொடங்கலாம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 5 கிராம், 20 கலோரி. நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 160 கலோரி. ஒவ்வொரு டீயிலும் கரண்டி ஒன்று குறைந்தால் பாதி மிச்சம். மீனை விட வேண்டாம். வறுவலுக்குப் பதில் சில நாள் குழம்பு வைத்தால் போதும். குழம்பு கூடுதல் சோற்றை இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது!

இப்படிச் சின்ன மாற்றங்கள் பழக்கமாக எத்தனை நாளாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-இல் அச்சான ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள் வரை மாறும் என்று மதிப்பிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறவிட்டவர்களுக்கும் பழக்கம் கலைந்துவிடவில்லை.