உடன்படுதலும் ஒரு வினையே



மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும் நிகழும் செயல் ஒவ்வொன்றும், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மும்மூன்றாய் விரியும் என்பது நம் ஆசிரியப் பெருமக்கள் வகுத்த நெறி. கிருதம், காரிதம், அனுமோதனை என்பன அவை. இவற்றுள் அனுமோதனையை ஊன் உணவு தொடர்பாகவே நாம் பெரிதும் பேசி வந்துள்ளோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலிலும் அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குழந்தை உயிருக்குப் போராடுகிறது. மருத்துவர் ஒரு படிவத்தை நீட்டி, இரு சிகிச்சை முறைகளுள் எது சிறந்தது என அறியும் ஆராய்ச்சியில் இக்குழந்தையைச் சேர்க்க இசைவீர்களா என வினவுகிறார். தாயின் கண்ணுக்கு எழுத்துப் புலப்படவில்லை. தந்தையோ, “தங்கள் விருப்பம் ஐயா” எனக் கையொப்பமிடுகிறார். அது இசைவாகுமா? ஆகாது என்பேன். அறிவும் விழிப்பும் அகன்ற இடத்தில் இருப்பது பிரமாதமே. அந்நிலையில் அவரை அவசரப்படுத்திக் கையொப்பம் பெற்றவருக்கும் அதில் பங்குண்டு.

அங்ஙனமாயின் ஆராய்ச்சியே வேண்டா எனலாமோ? கீழை ஆப்பிரிக்காவின் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில், தீவிர சிகிச்சை வசதி குறைந்த மருத்துவமனைகளில், 2009 முதல் 2011 வரை நிகழ்ந்த ‘ஃபீஸ்ட்’ ஆராய்ச்சியைக் கேளுங்கள். கடுங்காய்ச்சலால் இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளுக்கு நரம்பின் வழியே உப்புநீரை விரைந்து ஏற்றுதல் நன்மை தரும் என்றே பரவலாக நம்பப்பட்டது. 3,141 குழந்தைகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தனர். 48 மணி நேரத்துக்குள், உப்புநீர் விரைந்து ஏற்றப்பட்டோருள் 100-க்கு 10.5 பேரும், அல்புமின் ஏற்றப்பட்டோருள் 10.6 பேரும் மாண்டனர். அவ்வாறு ஏற்றப்படாதோருள் மாண்டவர் 7.3 பேரே. கருணையோடு செய்ததே கேடு விளைத்தது! ஆராயாது விட்டிருப்பின் அக்கேடு அறியப்படாமலே தொடர்ந்திருக்கும்.

அங்கே, எழுத்து வழி இசைவு பெற இயலாத நெருக்கடியில் வாய்மொழி இசைவை முதலிற் பெற்று, பின்னர் விளக்கமாய் உரைத்து எழுத்து இசைவு பெற அறநெறிக் குழுக்கள் ஒப்பின. இம்முறையை யான் குறை கூறேன். ஆயினும், பின்னர்க் கேட்கும்போதும் மறுக்கும் உரிமை மெய்யாகவே இருத்தல் வேண்டும்.

“நம் குழந்தையால் பிற குழந்தைகள் பிழைக்குமே, இதுவும் ஔஷத தானம் அன்றோ?” என நல்லோர் சிலர் வினவக்கூடும். தானமாவது தன்னுடையதைத் தருதல். குழந்தையின் உயிர் பெற்றோரின் உடைமையன்று. தன் வினையைத் தானே சுமந்து வந்த தனி உயிர் அது. பெற்றோர் அதற்கு வேலி. எனவே, உலக நலம் பற்றிய கேள்விக்கு முன்னர், இந்தக் குழந்தைக்கு நேரக்கூடிய இடர் யாது என்று கேட்பதே அவர்தம் கடன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையுள்ள சிறாரின் வாய்மொழி இசைவையும், அதற்கு மேல் 18 வயது வரையுள்ளோரின் எழுத்து இசைவையும் கேட்கின்றன. நினைவிழந்து கிடக்கும் குழந்தையிடம் எதைக் கேட்பது? அதனாலேயே பெற்றோரின் ஒரு சொல் அத்துணைக் கனம் பெறுகிறது.

சேராவிடில் என்ன சிகிச்சை கிடைக்கும், இடையில் விலகலாமா என்று தயங்காது வினவுங்கள். மறுத்தாலும், விலகினாலும் உரிய சிகிச்சை குறைதல் கூடாது என்பதே விதி. “எது சிறந்தது என்று எமக்கே தெரியாது” என மருத்துவர் கூறின் அஞ்ச வேண்டா. அநேகாந்தம் பயின்ற நமக்கு அது நேர்மையின் அடையாளமாகவே தோன்ற வேண்டும். எல்லாம் தெரியும் என்பவரிடத்தன்றோ அச்சம் கொள்ளத்தகும்!

கேட்டறிந்து இசைந்தவரும் உளர். கேட்டறிந்து மறுத்தவரும் உளர். குழந்தை பிழையாது போயின், இருவரும் தம்மையே நொந்து ஆர்த்தத் தியானத்தில் அழுந்துகின்றனர். துக்கம் கேட்க வரும் உறவினர் சிலர், “ஏன் கையெழுத்திட்டீர்?” என்றோ, “ஏன் மறுத்தீர்?” என்றோ வினவுவது கொடுமை. அவர்கள் முன்னரே மருத்துவமனைக்கு வந்து, பெற்றோரின் அருகமர்ந்து, அப்படிவத்தை வரி வரியாய்ப் படித்துக் காட்டியிருக்கலாம்.