நந்தவனமும் மலர்த்தொண்டும்

அயலூர்ச் சந்தையில் விலைகொடுத்து வாங்கிய மாலையும், தன் மனைப்புறத்து மலரைத் தானே தொடுத்த கண்ணியும் ஒக்குமோ என அன்பர் சிலர் வினவுவர். விலைப்பூச் சாத்துதல் குற்றமன்று. ஆயினும் மலர்த்தொண்டு சரியையின்பாற் படுவது. சரியையோ உடலுழைப்பால் நிகழ்வது. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகையும் அலரும் பருவம் நோக்கிப் பறித்து, வெவ்வேறு கூடைகளிலிட்டு, இண்டை, தாமம், கண்ணி முதலியனவாகப் புனைந்தமையைச் சேக்கிழார் விரித்தோதியது ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வறிவு தம்மூர் மண்ணோடு பழகியார்க்கன்றி வாராது. ஓசூர் ரோசாவைக் குளிரூட்டி நெடுந்தொலைவு அனுப்புவர். அஃது அலர்ந்த பொழுதைச் சாத்துவோர் அறியார். வேலியோரத்துத் தும்பையோ உழவு வேண்டாது பூப்பது. ஆனாற் சிறுபூவாதலின், கோப்பது கைக்குப் பெருவேலை. அவ்வேலையன்றோ வழிபாடு! நிலமில்லா நகரத்தார் தொட்டியில் ஒரு நந்தியாவட்டை வளர்ப்பினும் அமையும். அது பூவாத நாளிற் பச்சிலை சாத்துக.