காரணம் தெரியும்வரை

சர்க்கரைக்கு ஸ்பானியர் வழங்கும் 'அஸூகார்' என்னும் பெயர், அரபு மொழியின் 'அஸ்ஸுக்கர்' என்பதன் திரிபேயாகும். ஸ்பெயினில் கரும்பைப் பரப்பியவர் அரபிகள்; 1493-இல் தொடங்கிய தம் இரண்டாம் பயணத்தில் கொலம்பஸ் அதனைக் கடல் கடத்தினார். அப்பயிரும் அச்சொல்லும் வேரூன்றிய மத்திய அமெரிக்க மண்ணில், கரும்பு வெட்டுவோரின் சிறுநீரகங்கள் இன்று இளமையிலேயே செயலிழந்து வருகின்றன.

நிக்கராகுவாவின் மேற்கே சிச்சிகல்பா என்றோர் ஊர். அங்குள்ள குடியிருப்பொன்றுக்குத் 'தீவு' என்று பெயர். ஆடவர் பலர் மாண்டபின் 'கைம்பெண்களின் தீவு' என்று அழைக்கலாயினர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை நாம் அறிவோம். இவர்களுக்கோ அவை காரணமல்ல. முப்பது நாற்பது வயதில், நோய் முற்றிய பிறகே அது தெரிய வருகிறது. எல் சால்வடோர் மருத்துவர்கள் 2002-இல் இதனை எழுதி வெளியிட்டனர். 2013-இல் மத்திய அமெரிக்கச் சுகாதார அமைச்சர்கள் சான் சால்வடோரில் கூடி, உடனே கவனிக்கவேண்டிய பிரச்சினையென அறிவித்தனர். ஆயினும் காரணம் இதுதான் என முடிந்த முடிபாக உரைப்பார் இலர். கடும் வெயிலில் வியர்த்து நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைகிறது. அக்காயம் ஆறுமுன் மறுநாள் வெட்டு வந்துவிடுகிறது என்பது வலுவான கருத்து. பூச்சிமருந்தையும் வலி மாத்திரையையும் ஐயுறுவாரும் உளர்.

நமது வினா மருத்துவம் பற்றியதன்று. காரணம் துலங்காதவரை கடமையும் உறங்கலாமா?

வழக்கிடுபவனே சான்று தரவேண்டும் என்பது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் விதி. மெய்ப்பிக்கப்படாததற்கு நாம் எவ்வாறு பொறுப்பாவோம் என முதலாளி ஒருவர் கேட்பின், அவ்விதியைத் துணைக்கழைப்பார். அவ்விதி ஈட்டுத்தொகையைத் தீர்க்கும் மன்றத்துக்குரியது. வெயிலில் நிற்பவனுக்கு நிழல் தரலாமா என்று ஆராய்வதற்குரியதன்று. கிணற்றில் பாம்பு உண்டோ இல்லையோ என்று வழக்காடுமுன் குழந்தையை விளிம்பிலிருந்து விலக்குகிறோமன்றோ!

"ஓய்வெடுக்க வேண்டாமென்று தடுத்தவர் யார்?" என்பர். கூலியோ வெட்டிய எடைக்கு. நிழலில் அமர்ந்த நேரமெல்லாம் பிள்ளைகளின் உணவிலிருந்து கழிகிறது. இதனை இசைவு என்றழைக்க நம் மனம் ஒப்பவில்லை. குருதிச் சோதனையில் குறை கண்டவர்க்கு வேலை மறுக்கப்பட்டபோது, பிறர் பெயரில் வயலுக்குச் சென்றவர்களும் உண்டு. காக்கவேண்டிய சோதனை கதவடைப்பாயிற்று. (அரபியில் வியர்வைக்கு 'அரக்' என்பர், துளித்துளியாக வடிக்கும் மதுவுக்கும் அப்பெயரே நிலைத்தது. சிச்சிகல்பாவில் கரும்புப் பாகிலிருந்து ரம் வடிக்கிறார்கள்.)

எல் சால்வடோரில் 2014-15 அறுவடையின்போது, தொழிலாளர் முதுகில் சுமக்கும் நீர்ப்பை, பெயர்த்து நடத்தக்க நிழற்பந்தல், வேளை குறித்த ஓய்வு, செம்மையான வெட்டுக்கத்தி ஆகியவற்றைத் தந்து பார்த்தனர். வெட்டு குறையவில்லை, கூடியது. பின்னர் நிக்கராகுவாவில் ஓய்வைக் கட்டாயமாக்கியபோது சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தது. காரணம் பற்றிய வழக்கு முடியுமுன்பே நிழல் வந்துவிட்டது. மகிழ்ச்சியே. எனினும் ஒன்று நம்மை உறுத்துகிறது: அன்று வெட்டு கூடாமல் குறைந்திருந்தால், அப்பந்தல் மறு ஆண்டும் வயலில் நின்றிருக்குமா?